மண்டையோடும் மனச்சான்றும்

திருடன் பிறக்கிறானா, ஆக்கப்படுகிறானா? இவ்வினா மிகப் பழையது. வீட்டில் ஒரு வெள்ளிக் குவளை காணாமற்போனால் நம் பார்வை முதலில் யார்மீது செல்கிறது என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுப் பார்த்தால், இவ்வினா நூலகத்துக்கு மட்டும் உரியதன்று, நம் வீட்டுக் கூடத்துக்கும் உரியது என்பது விளங்கும். பாத்திரம் துலக்கும் பெண்ணின் மீதும், புதிதாக வந்த காவலாளியின் மீதும் செல்லும் பார்வை, அதே வீட்டில் விருந்துண்டு சென்ற உறவினர்மீது எளிதில் செல்வதில்லை. சான்று ஏதும் கிடைக்கும் முன்னரே, இன்னார் செய்திருக்கக் கூடும், இன்னார் செய்யமாட்டார் என்று மாந்தரை இரு கூறாக்கிவிடுவது மனித மனத்தின் இயல்பாக இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் எழுந்த ஒரு கொள்கை, இந்தப் பழைய பழக்கத்துக்கு அறிவியல் என்னும் ஆடையை அணிவித்தது. குற்றம் செய்வோன் உடலமைப்பிலேயே பிறரினின்றும் வேறுபட்டவன். அவனது மண்டையோடும் தாடையும் காதும் கையும் அவன் யாரென்பதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதே அக்கொள்கை. அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வீழ்ந்தது, வீழ்ந்த பின்னும் எவ்வாறு வேறு வேறு உருவில் எழுந்து வருகிறது என்பனவற்றைக் கண்டு, அதனடியில் கிடக்கும் அறவினாவை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகம் பார்க்கும் கலை

உடற்குறி கண்டு குணம் உரைப்பது நமக்கும் புதிதன்று. சாமுத்திரிகா லட்சணம் என்ற பெயரில் அது நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையைக் கற்றோர் இதனை நினைவுகூர்வர். பொற்கொல்லன் காவலரை அழைத்து வந்து கோவலனைக் காட்டுகிறான். கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர், இலக்கண முறைப்படி நோக்கினால் இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர் கையாளும் உபாயங்களை எல்லாம் விரித்துரைத்து அவர்கள் மனத்தைக் கலைக்கிறான். அதன் பின் நடந்ததைத் தமிழுலகம் அறியும்.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கோவலன் கள்வனல்லன் என்ற காவலர் முடிவு சரியானதே. அம்முடிவுக்கு அவர்கள் வந்த வழி சரியானதன்று. முகக்குறி கண்டு ஒருவனை விடுவிக்கலாம் என்றால், முகக்குறி கண்டு வேறொருவனைக் கொல்லவும் செய்யலாம். அந்த இடத்தில் செய்திருக்க வேண்டியது ஒன்றே: சிலம்பைச் சோதித்திருக்க வேண்டும். அதனை அன்று எவரும் செய்யவில்லை. காலம் கடந்தபின் கண்ணகிதான் செய்தாள். செயலுக்குச் சான்று செயலோடு தொடர்புடைய பொருளில் இருக்கிறதே அன்றி, செய்தவன் என்று கருதப்படுவோனின் முகத்தில் இல்லை.

ஐரோப்பாவில் இக்கலைக்கு மருத்துவத் தோற்றம் தந்தவருள் முதன்மையானவர் பிரான்ஸ் யோசெப் கால் (1758–1828). வியன்னா நகரில் மருத்துவராயிருந்து பின்னர்ப் பாரிசில் குடியேறிய இவர், மனத்தின் ஆற்றல்கள் இருபத்தேழு என்றும், அவை ஒவ்வொன்றுக்கும் மூளையில் தனித்தனி இடம் உண்டென்றும், மிகுந்து வளர்ந்த இடம் மண்டையோட்டை உள்ளிருந்து உந்திப் புடைக்கச் செய்யும் என்றும் கருதினார். சிறைகளுக்கும் மனநோய் விடுதிகளுக்கும் சென்று தலைகளைத் தடவிப் பார்த்தார். கொலைக் குணத்தின் இருப்பிடம் காதுக்கு மேலே என்றார். கபாலவியல் எனப்பட்ட இந்நூல் சில பத்தாண்டுகள் ஊரெங்கும் பேசப்பட்டுப் பின் மங்கிற்று. மண்டையின் வெளிமேடு உள்ளிருக்கும் மூளையின் மேடன்று என்பதை உடற்கூற்று அறிஞர் காட்டிவிட்டனர். எனினும், தீய குணத்தைத் தொட்டுப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம் என்ற ஆசை மங்கவில்லை.

இரண்டு செசாரேக்கள்

குற்றவியல் வரலாற்றில் இத்தாலி நாட்டைச் சேர்ந்த இருவர் பெயர் நிலைபெற்றுள்ளது. இருவர் பெயரும் செசாரே என்பது வியப்பான ஒற்றுமை.

முதலாமவர் மிலான் நகரத்துச் செசாரே பெக்கரியா. குற்றங்களும் தண்டனைகளும் குறித்து அவர் 1764ல் வெளியிட்ட சிறு நூல் ஐரோப்பாவைக் குலுக்கிற்று. சித்திரவதை கூடாது, மரண தண்டனை கூடாது, குற்றத்தின் அளவுக்கேற்பத் தண்டனை அமைதல் வேண்டும், சட்டம் யாவர்க்கும் ஒன்றாய் இருத்தல் வேண்டும் என்று அவர் வாதிட்டார். அவரது நோக்கில் மனிதன் எவனாயினும் நன்மை தீமை எண்ணித் தெரிவு செய்யும் அறிவுடையவன். எனவே நீதிமன்றம் பார்க்க வேண்டியது செயலை.

இரண்டாமவர் செசாரே லோம்புரோசோ. 1835ல் வெரோனா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர்; இராணுவ மருத்துவராகப் பணியாற்றியவர்; பின்னர்ப் பவியாவிலும் டூரினிலும் பேராசிரியராய் விளங்கியவர். இவர் பார்த்தது செயலை அன்று, செய்தவனை. இராணுவத்தில் இருந்தபோதே வீரர்களின் உடலை அளந்தும், அவர்கள் பச்சை குத்திக்கொண்ட உருவங்களைக் குறித்தும் வந்த இவருக்குத் திருப்புமுனையாய் அமைந்தது ஒரு மண்டையோடு. அது தென் இத்தாலியின் கலாப்ரியாப் பகுதியைச் சேர்ந்த விலெல்லா என்ற கைதியுடையது. அதன் பின்புற அடிப்பகுதியில், வழக்கமாக எலும்பு வரம்பு இருக்கவேண்டிய இடத்தில், ஒரு குழி இருக்கக் கண்டார். தாழ்ந்த விலங்குகளில் காணப்படும் குழி மனிதனிடம் எவ்வாறு வந்தது? டார்வினின் நூல் 1859ல் வெளிவந்து பரிணாமக் கருத்து எங்கும் விவாதிக்கப்பட்ட காலம் அது. மனித குலம் கடந்து வந்த பழைய படியொன்று சிலரிடம் மீண்டும் தலைகாட்டுகிறது. அவர்களே குற்றவாளிகள் என்ற முடிவுக்கு லோம்புரோசோ வந்தார். நாகரிக நகரத்தின் நடுவே பிறந்துவிட்ட காட்டு மனிதன் என்பதே அவர் கண்ட குற்றவாளி. இத்தகையோர்க்குப் பிறவிக் குற்றவாளி என்ற பெயரைப் பின்னர் வழங்கியவர் அவரது மாணாக்கர் வழியில் வந்த என்ரிகோ பெர்ரி.

1876ல் வெளிவந்த லோம்புரோசோவின் நூல் குற்றவாளியின் அடையாளங்களைப் பட்டியலிட்டது. பெருந்தாடை, உயர்ந்த கன்ன எலும்பு, பாத்திரத்தின் கைப்பிடி போல் விலகி நிற்கும் காது, நீண்ட கை, வலியுணர்ச்சிக் குறைவு, பச்சை குத்திக்கொள்ளும் விருப்பம், தமக்குள் வழங்கும் தனிக்குழூஉக்குறி என அப்பட்டியல் நீண்டது. நூலும் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, இருபதாண்டுகளில் ஐந்தாம் பதிப்பில் பல தொகுதிகளாயிற்று. ஆனால், நூல் பெருகப் பெருகப் பிறவிக் குற்றவாளியின் பங்கு குறுகிற்று. எதிர்ப்புகளைக் கேட்டபின், குற்றவாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே பிறவியில் அத்தகையோர். ஏனையோர் வறுமையாலும் குடியாலும் சந்தர்ப்பத்தாலும் உந்தப்பட்டோர் என்று அவரே எழுத நேர்ந்தது.

லோம்புரோசோவைக் கொடியவர் என்று தள்ளிவிடுவது எளிது, அது நேர்மையன்று. சிறைக்குள் சென்று கைதிகளோடு உரையாடி, அவர்கள் சுவரில் கிறுக்கியதையும் பாடியதையும் தொகுத்து, அவர்களும் ஆராயத்தக்க மனிதர் என்று காட்டியவர் அவர். பசிக்காகத் திருடியவனையும் பழகிய கொள்ளைக்காரனையும் ஒரே கோலால் அளக்கக் கூடாது என்றார். முதல் முறை தவறியோர்க்குச் சிறையன்றி வேறு வழி காண வேண்டும் என்றார். நன்மை கருதிய ஒருவரிடமிருந்தே இக்கொள்கை பிறந்தது. இதனை நாம் மறத்தலாகாது.

ஒப்புநோக்காத அளவுகோல்

குறை எங்கே? அவரது அளவுகோலில் அன்று; அதனை வைத்த இடத்தில். சிறையில் இருந்தோரை அளந்தாரே அன்றி, அதே ஊரில், அதே குலத்தில், அதே வறுமையில் பிறந்து சிறைக்குப் போகாதோரை அதே கவனத்தோடு அளந்து அவர் ஒப்பிடவில்லை. நூறு கைதிகளுள் நாற்பது பேருக்குப் பெருந்தாடை இருந்தால், ஊரில் உழுது வாழ்வோர் நூறு பேருள் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்று கேட்டாலன்றி அந்த நாற்பதுக்குப் பொருளில்லை. கணக்குப் பிரிவில் ஓராண்டு பணியாற்றிய எவரும் ஒரு பக்கத்துத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு இருப்புச் சொல்லமாட்டார்.

மற்றொன்று, சிறையில் இருப்போர் யாவர்? குற்றம் செய்தோர் அனைவரும் அல்லர். பிடிபட்டுத் தண்டனை பெற்றோர். வழக்கறிஞர் வைக்க வசதியற்றோரும் காவலர் பார்வை முதலில் விழும் தெருவில் வாழ்வோரும் அவர்களுள் மிகுதி. அத்தகையோரை அளந்தால் கிடைப்பது குற்றத்தின் வடிவமன்று, வறுமையின் வடிவம். இத்தாலி 1861ல் ஒரே நாடாகியபின் வடபகுதியார் தென்பகுதி உழவரைக் காட்டுமிராண்டிகள் எனக் கருதிய காலத்தில், வடக்கத்திப் பேராசிரியர் ஒருவர் தெற்கத்திக் கைதியின் மண்டையில் காட்டுமிராண்டியைக் கண்டார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மறுப்பு விரைவில் எழுந்தது. 1885ல் ரோம் நகரில் கூடிய முதல் குற்றமானிடவியல் மாநாட்டிலேயே பிரெஞ்சு நாட்டு மருத்துவர் லக்காசான் எதிர்நின்றார். குற்றவாளி ஒரு நுண்கிருமி போன்றவன். கிருமி தழைப்பதற்கு உரிய ஊறல் கிடைக்கும்வரை அது ஒரு பொருட்டன்று. அந்த ஊறல் சமுதாயமே என்பது அவர் வாதம். முடிவான அடி இங்கிலாந்திலிருந்து வந்தது. சிறை மருத்துவர் சார்ல்ஸ் கோரிங் ஏறத்தாழ மூவாயிரம் கைதிகளை அளந்து, அவ்வளவுகளைப் பல்கலைக்கழக மாணவர், படைவீரர் முதலியோரின் அளவுகளோடு ஒப்பிட்டு 1913ல் தம் முடிவை வெளியிட்டார். குற்றவாளிக்கெனத் தனி உடலமைப்பு இல்லை என்பதே அம்முடிவு. ஒரு மாணவனின் தலையளவைக் கொண்டு அவன் ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறானா, ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறானா என்று ஊகிப்பது, அவன் பிற்காலத்தில் பேராசிரியனாவானா, தண்டனைக் கைதியாவானா என்று ஊகிப்பதைவிட எளிது என்ற கருத்துப்பட அவர் எழுதினார். ஆனால் அவரும் முழுதும் விடுபட்டவரல்லர். கைதிகள் உயரத்திலும் எடையிலும் அறிவிலும் குறைந்தோர் என்று கண்டு, அக்குறை பரம்பரையால் வருவது என்றார். மண்டையோடு போயிற்று, பரம்பரை எஞ்சிற்று.

சட்டமாகிய கொள்கை

அறிஞர் அவையில் ஒரு கொள்கை தோற்றாலும், சட்டப் புத்தகத்தில் நுழைந்துவிட்டால் நெடுநாள் வாழும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907ல், திருத்த முடியாத குற்றவாளிகளையும் மூளை வளர்ச்சி குன்றியோரையும் மகப்பேறில்லாதவாறு அறுவை செய்ய இடமளிக்கும் சட்டமியற்றிற்று. வேறு பல மாநிலங்கள் பின்பற்றின. குற்றம் குருதியில் ஓடுகிறதென்றால், குருதியோட்டத்தை நிறுத்திவிட்டால் குற்றமும் நின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. அடுத்த சில பத்தாண்டுகளில் அமெரிக்காவில் இவ்வகைச் சட்டங்களின்கீழ் அறுவைக்குள்ளானோர் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

ஒக்லஹோமா மாநிலத்தின் 1935ஆம் ஆண்டுச் சட்டம் நாம் நின்று நோக்கத்தக்கது. மும்முறை பெருங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவனுக்கு மலட்டு அறுவை என்றது அது. ஸ்கின்னர் என்பவன் ஒருமுறை கோழி திருடியும் இருமுறை ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்தும் தண்டனை பெற்றவன். அவனுக்கு அறுவை செய்ய ஆணை பிறந்தது. ஆனால் அதே சட்டம், பணியில் இருந்துகொண்டு பிறர் பணத்தைக் கையாடல் செய்தவனுக்கு விலக்கு அளித்திருந்தது. கோழிக்கூட்டில் கைவைத்தவனின் குற்றம் குருதியில் வருவது. பேரேட்டில் கைவைத்தவனின் குற்றம் குருதியில் வாராதது! 1942ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் இந்த வேற்றுமையையே சுட்டிக்காட்டி அச்சட்டத்தைச் செல்லாதென்றது. அலுவலகங்களில் வாழ்நாளைக் கழிக்கும் நம்மனோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. சட்டம் இயற்றுவோர் எவ்வகைக் குற்றத்தை இயற்கையின் கோளாறு என்கின்றனர், எவ்வகைக் குற்றத்தை மனிதத் தவறு என்கின்றனர் என்று பார்த்தால், அவர்கள் தம்மை யாரோடு சேர்த்து எண்ணிக்கொண்டனர் என்பது தெரிந்துவிடும்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றப்பட்டது 1871ல். லோம்புரோசோவின் நூலுக்கு ஐந்தாண்டுகள் முன்னதாக. ஆகவே இச்சட்டம் அந்நூலின் குழந்தையன்று. இரண்டும் ஒரே நூற்றாண்டின் பிள்ளைகள். தச்சன் மகன் தச்சனாவது போல இந்நாட்டில் குற்றமும் குலத்தொழிலாய் வழிவழி வருவது என்று ஆட்சியாளர் வாதிட்டனர். ஐரோப்பாவில் மண்டையோடு செய்த வேலையை இங்கே சாதி செய்தது. ஓர் இனத்தை அரசு குற்ற இனம் என அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க இயலாது என்று சட்டமே விதித்தது. முதலில் வடபகுதிகளில் நடைமுறைப்பட்ட இச்சட்டம் 1911ல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பதிவு செய்யப்பட்டோர் விரல்ரேகை கொடுக்க வேண்டும். குறித்த வேளையில் காவலரிடம் தலைகாட்ட வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். மதுரை வட்டாரத்து மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே வழங்கினர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்து நின்ற மக்கள்மீது காவலர் சுட்டனர். ஒரு பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். அவர்கள் ரேகை கொடுக்க மறுத்தது, குற்றம் செய்துவிட்டு மறைப்பதற்காக அன்று. செய்யாத குற்றத்தைப் பிறப்பின் பெயரால் ஏற்க மறுத்தே.

சென்னையில் இச்சட்டம் 1947ல் நீக்கப்பட்டது. 1952 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு முழுவதும் நீங்கிற்று. தமிழகத்தில் அம்மக்களைச் சீர்மரபினர் என்கிறோம். வடபுலத்தில் விமுக்த சாதியினர் என்பர். பெயர் மாறிற்று, பார்வை முழுதும் மாறவில்லை. சிறை விதிநூல்களில் எஞ்சியிருந்த சாதிப் பாகுபாடுகளை நம் உச்சநீதிமன்றம் 2024 அக்டோபரில் நீக்க நேர்ந்தது. சீர்மரபினர் இன்னும் பழைய ஐயத்தோடு நடத்தப்படுவதும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

விரல்ரேகை சொல்லும் செய்தி

ரேகையைப் பற்றிப் பேசியதால் ஒன்றைக் கூறாமல் செல்ல இயலவில்லை. குற்ற விசாரணையில் விரல்ரேகையை முறையாகப் பயன்படுத்திய முன்னோடி நகரங்களுள் நம் கல்கத்தா தலையாயது. 1897ல் அங்கு ரேகை அலுவலகம் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு ஹென்றி என்ற ஆங்கில அதிகாரியின் பெயர் வழங்கினாலும், அதில் அஜீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அலுவலரின் உழைப்புப் பெரிது.

இத்துறைக்கு அடிகோலிய அறிஞருள் ஒருவர் பிரான்சிஸ் கால்டன். டார்வினின் உறவினர், மனித இனத்தைத் தெரிந்தெடுத்துப் பெருக்கி மேம்படுத்தலாம் என்ற கொள்கைக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. விரல்ரேகையில் இனமும் குணமும் அறிவாற்றலும் எழுதப்பட்டிருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். பலதரப்பட்டோர் ரேகைகளைத் தொகுத்து ஆராய்ந்தார். எதிர்பார்த்த எதுவும் கிட்டவில்லை. கிட்டவில்லை என்பதை மறைக்காமல் 1892ல் வெளியிட்ட நூலில் எழுதினார். அந்த நேர்மைக்கு நாம் தலைவணங்கலாம்.

உடல் நமக்குத் தரும் சான்றின் எல்லை இதுவே. இவன் இன்னான் என்பதை ரேகை ஐயமறக் கூறும். இந்தக் கதவைத் தொட்டவன் இவன் என்றும் கூறும். நாளை இவன் எந்தக் கதவைத் தொடுவான் என்று அது கூறாது. சென்றதற்குச் சான்றாக வரும் உடலை, வருவதற்குச் சோதிடமாக்கியதே லோம்புரோசோ வழியினரின் பிழை.

புதுச் சட்டையில் பழைய கொள்கை

பிழை அத்துடன் நிற்கவில்லை. 1965ல் ஸ்காட்லாந்தின் பாதுகாப்பு மனநோய் மருத்துவமனை ஒன்றில் 197 ஆண்களைச் சோதித்தபோது, ஏழு பேரிடம் ஆண்மைக்குரிய ஒய் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கக் கண்டனர். கொலைக் குரோமோசோம் கிடைத்துவிட்டது என்று நாளிதழ்கள் ஆரவாரித்தன. 1966ல் சிக்காகோவில் எட்டுச் செவிலியரைக் கொன்றவனிடம் அது இருப்பதாகவும் செய்தி பரவிற்று. சோதித்ததில் அது பொய்யெனத் தெரிந்தது. டென்மார்க்கில் உயரமான ஆண்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 1976ல் வெளியான முடிவு, அக்கூடுதல் குரோமோசோம் உடையோர் வன்முறையாளர் என்பதற்குச் சான்றில்லை என்று காட்டிற்று.

பின்னர் மரபணுவின் முறை வந்தது. 2009ல் இத்தாலியின் திரியெஸ்தே நகரத்து மேல்முறையீட்டு நீதிமன்றம், கொலையாளி ஒருவனின் மரபணுக்களில் முரட்டுத்தனத்தோடு தொடர்புடையனவாகக் கருதப்படுவன இருப்பதைக் கருத்திற்கொண்டு தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. 2016ல் சீன ஆய்வாளர் இருவர், 1,856 ஆண்களின் நிழற்படங்களைக் கணிப்பொறிக்குக் கற்பித்து, முகம் கண்டு குற்றவாளியைப் பிரித்தறியலாம் என்றனர். படங்களை நோக்கியோர், குற்றமற்றோர் படங்களில் புன்னகையும் வெள்ளைச் சட்டைக் கழுத்தும் மிகுந்திருப்பதைச் சுட்டிக்காட்டினர். நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பொறி கண்டுபிடித்தது, சட்டைக் கழுத்துப் பட்டையை!

விலெல்லாவின் மண்டையோடோ டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனைத் திருப்பித் தருமாறு அவன் பிறந்த ஊரார் வழக்காடினர். கீழ்மன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, மேல்மன்றம் மாற்றிற்று, 2019ல் இத்தாலியின் உயர்ந்த மன்றம் அருங்காட்சியகத்தின் பக்கமே நின்றது. தன் உடலையும் ஆய்வுக்கென எழுதிவைத்த லோம்புரோசோவின் எலும்புக்கூடும் அதே கட்டடத்தில் நிற்கிறது. பார்த்துச் செல்வோர்க்கு எந்த எலும்பு பேராசிரியருடையது, எந்த எலும்பு கைதியுடையது என்று பெயர்ச்சீட்டு அன்றி வேறெதுவும் சொல்லப் போவதில்லை.

எஞ்சும் அறவினா

இதுவரை கூறியதைக் கேட்டு, அறிவியல் தவறாயிற்று, ஆகவே கொள்கை தவறாயிற்று என்று அமைதி கொள்வது போதாது. நாளை ஒரு நாள் அறிவியல் சரியாகிவிட்டால் என்ன செய்வோம்? ஒரு குறியுடைய நூறு பேரில் தொண்ணூறு பேர் குற்றம் செய்வர் என்று ஐயமற நிறுவப்பட்டுவிட்டால், அவர்களை முன்கூட்டியே அடைத்துவைக்கலாமா? நம் எதிர்ப்பு அவர்களது கணக்குப் பிழையை மட்டும் பற்றி நிற்குமானால், பிழை திருத்தப்பட்ட அன்றே அது சரிந்துவிடும். வேறு அடித்தளம் வேண்டும்.

முதலாவது, தண்டனைக்கு எல்லை வகுப்பது செயல். திருடிய பொருளுக்கும் செய்த தீங்குக்கும் ஓர் அளவுண்டு; அதனால் தண்டனைக்கும் அளவுண்டு. ஒருவன் இயல்பிலேயே ஆபத்தானவன் என்று சொல்லிவிட்டால், ஆபத்துக்கு அளவேது? வாழைக்குலை திருடியவனையும் வாழ்நாள் முழுதும் அடைத்துவைக்க அது இடந்தரும். பிறவிக் குற்றவாளிகளை ஆயுள் முழுதும் ஒதுக்கிவைக்கலாம் என்றும், கொடியோரைக் கொல்லவும் செய்யலாம் என்றும் லோம்புரோசோவே சொல்ல நேர்ந்தது இதனால்தான். இரக்கத்தில் தொடங்கிய பாதை இரக்கமற்ற இடத்தில் முடிந்தது. மரபணுவைக் காட்டி இன்று ஓராண்டு குறைத்த கை, அதே மரபணுவைக் காட்டி நாளை பத்தாண்டு கூட்டாது என்பதற்கு உறுதி இல்லை.

இரண்டாவது, மழை வரும் என்று நாம் சொல்வதை மேகம் கேட்பதில்லை. மனிதன் கேட்கிறான். நீ திருடன் குலத்தவன் என்று பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்பவனுக்குப் பள்ளியில் இடமில்லை, பண்ணையில் வேலையில்லை, அயலூர் செல்லச் சீட்டில்லை என்றால், அவன் திருடினால் அது முன்னுரைத்தது பலித்ததாகுமா, முன்னுரைத்தோர் செய்ததாகுமா? மாறாக, தன்னைப் பற்றிய தீர்ப்பைக் கேட்டு, அதனைப் பொய்யாக்கிக் காட்டும் ஆற்றலும் மனிதனுக்கே உண்டு. அந்தப் பத்துப் பேர் யாவர் என்பது முன்கூட்டித் தெரியாது. தெரியாத வரையில் நூறு பேருக்கும் அந்த வாய்ப்பை வைத்திருப்பதே நீதி.

இதனால் உடலுக்குப் பங்கே இல்லை என்று கூறினோமல்லோம். தலையில் பட்ட காயமும், குழந்தைப் பருவத்தில் உடலிற் சேர்ந்த ஈயமும், கருவிலேயே தாக்கிய மதுவும் ஒருவனது தன்னடக்கத்தைக் குலைக்கக் கூடும் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அவற்றை அறிவது நன்று. செயலுக்கு முன்பு, துணை செய்ய அந்த அறிவு பயன்படலாம். செயலுக்குப் பின்பு, புரிந்துகொள்ளப் பயன்படலாம். செயலுக்கு முன்பே தண்டிப்பதற்கு மட்டும் அது பயன்படலாகாது. மருத்துவரின் மேசையில் இருக்க வேண்டிய குறிப்பு காவலரின் பட்டியலில் ஏறும்போதுதான் கேடு விளைகிறது.

வள்ளுவர் ஊழின் வலிமையை ஓர் அதிகாரத்தால் கூறினார். முயற்சியின் வலிமையை ஆள்வினையுடைமையில் கூறினார். கள்ளாமை என்ற அதிகாரத்தையோ துறவறவியலில் வைத்தார். களவெண்ணம் தமக்குச் சேய்மையானது என்று கருதத்தக்க துறவியர்க்கே அவ்வெச்சரிக்கை உரியதாயின், அது எந்த ஒரு குலத்தாருக்கோ முகத்தாருக்கோ மட்டும் உரியதாகாது. நம் அனைவர்க்கும் உரியது. பிறவிக் குற்றவாளி என்ற கருத்து நமக்கு ஏன் இனிக்கிறது என்பதற்கு விடையும் இதிலேயே கிடைக்கிறது. குற்றம் வேறோர் இனத்தாரின் இயல்பு என்று நம்பிவிட்டால், நம் உள்ளத்தை நாம் சோதிக்க வேண்டியதில்லை.

தாய்நிலம் விட்டு வந்து வாழும் நமக்கு, முகத்தையும் பேச்சையும் கண்டு மதராசி என்ற ஒரு சொல்லில் அடக்கப்படுதலின் சுவை தெரியும். அச்சொல்லால் நமக்கு நேர்ந்தது சிறு நகைப்பும் சிறு ஒதுக்கமுமே. அதே முறையில் திருடன் என்ற சொல்லில் அடக்கப்பட்டோர்க்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்க அந்தச் சிறு அனுபவம் நமக்குக் கைவிளக்காகலாம். நம்முள் பலர் பேனா பிடித்துப் பிழைப்பவர். விண்ணப்பங்களும் நன்னடத்தைப் படிவங்களும் நாள்தோறும் நம் மேசைமீது வருகின்றன. இவர் எதற்கேனும் தண்டனை பெற்றவரா என்று படிவம் கேட்கிறது. அது செயலைப் பற்றிய கேள்வி, கேட்கலாம். ஊரையும் பெயரையும் கண்டு ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதக் கை நீளுமானால், அந்தக் குறிப்பை எழுதாமல் பேனாவை மூடி வைப்பது நம்மால் ஆகக்கூடிய அறம்.